வாசகர் கேள்வி பதில்: கட்டுல ஈரம், வான்ல மண்மூட்டை, பெக்கோவுக்குக் காசு

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து போனதில இருந்து எங்கட கேள்வி பதில் பக்கத்துக்கு வர்ற கடிதம், வட்ஸ்அப் எல்லாத்துலயும் குளமும் அணைக்கட்டும்தான். கொழும்புல இருக்கிற ஆக்களுக்கு குளத்தோட என்ன சோலி எண்டு கேக்கலாம், ஆனா வெள்ளவத்தையில ஃபிளாட்டுல இருக்கிறவருக்கும் ஊர்ல ஒரு குளத்துக்குக் கீழ அம்மா அப்பா இருக்காங்க, கொட்டாஞ்சேனையில கடை வச்சிருக்கிறவருக்கு ஊர்ல வயல் இருக்கு, ஹட்டன் பிள்ளைகள் பாதிப் பேர் இங்கதான் வேலை. அதனால இந்தமுறை பக்கம் முழுக்க தண்ணிக்கே விட்டாச்சு, சமையல் கேள்வி அனுப்பினவங்க கோவிக்கக்கூடாது.

கேள்வி: எங்கட அம்மா அப்பா வவுனியாப் பக்கம் ஒரு சின்னக் குளத்துக்குக் கீழ இருக்கிறாங்க. மழை பெய்ஞ்சா கட்டின்ட வெளிப்பக்க அடியில ஈரம் கசியுது. அப்பா, "அது நான் சின்னனா இருக்கேக்கயே இப்பிடித்தான்" எண்டு சிரிக்கிறார். நான் இங்க நித்திரை இல்லாம இருக்கிறன். பயப்படவா வேண்டாமா ஐயா?
— வெள்ளவத்தை வாசகி

தங்கச்சி, அப்பா சொல்றதுல பாதி சரி. மண்ணால கட்டின எந்தக் கட்டும் கொஞ்சம் கசியும், கசியாத மண்கட்டு எண்டு ஒண்டு கிடையாது. எவ்வளவு கசியுது எண்டதை விட எப்பிடிக் கசியுது எண்டதைத்தான் பாக்கோணும். தெளிஞ்ச தண்ணி, ஒவ்வொரு வருசமும் அதே இடத்துல, குளம் நிரம்பினா கூடி, இறங்கினா குறையுது எண்டா அது அந்தக் கட்டின்ட வழமை. ஆனா தண்ணி கலங்கி வருது, அல்லது அடியில சின்னச் சின்னதா மணல் பொங்கி அதுக்கு நடுவில தண்ணி கொப்பளிக்குது, அல்லது போன வருசம் காய்ஞ்சு கிடந்த இடத்துல இந்த வருசம் புல்லு பச்சையா நிக்குது எண்டா அப்பாவின்ட சிரிப்பை நம்ப வேண்டாம். கலங்கல் எண்டா கட்டுக்குள்ள இருக்கிற மண் வெளிய போகுது எண்டு அர்த்தம், போற மண் திரும்பி வராது. வெளிப்பக்கம் ஓட்டை விழுந்து அது கொஞ்சம் கொஞ்சமா உள்ளுக்கு, குளத்துப் பக்கமா அரிச்சுக்கொண்டே போகும், மேல நிண்டு பாத்தா ஒண்டும் தெரியாது, கட்டு நல்லா புல்லுப் பிடிச்சு அழகா இருக்கும், ஓட்டை தண்ணிப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திட்டா பிறகு நாள் கணக்கு இல்ல, மணித்தியாலக் கணக்குத்தான்.

அப்பாவுக்கு ஒரு வேலை குடுங்க. உள்ள இருக்கிறது தெரியுற ஒரு போத்தல்ல கசியுற தண்ணியைப் பிடிச்சு ஒரு பக்கத்துல வைக்கச் சொல்லுங்க, கொஞ்ச நேரத்துல அடியில மண் படியுதா எண்டு பாக்கட்டும். ஒரு வாளி நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு ஃபோன்ல பாத்து, அண்டைக்குக் குளத்துல தண்ணி எத்தனை அடி எண்டதையும் சேத்து ஒரு கொப்பியில எழுதட்டும். பெரிய அணைகள்ல எஞ்சினியர்மார் நடுவில வெட்டு விட்ட பலகை வச்சு அளக்கிறதும் இதேதான், கருவிதான் வேற. குளம் அதே மட்டத்துல நிக்கேக்க கசிவு மட்டும் கூடிக்கொண்டு போனா உடனே கமநல சேவை நிலையத்துக்கும் கிராம சேவகருக்கும் சொல்லோணும். தண்ணி கலங்கி வேகமா வந்தா, அல்லது குளத்துக்குள்ள சுழி மாதிரி தெரிஞ்சா, முதல்ல கீழ இருக்கிற சனத்தை எழுப்பி மேட்டுக்கு அனுப்போணும், பிறகு 117 க்கு எடுக்கோணும், அது அனர்த்த முகாமைத்துவ நிலையம், 24 மணித்தியாலமும் இருக்கு. ஃபோட்டோ எடுத்து குரூப்புல போடுறதை கடைசியில வச்சுக்கொள்ளலாம்.

எங்கட ஆக்கள் பதட்டத்துல செய்யுற ஒரு வேலை இருக்கு. வெளிப்பக்கம் தண்ணி வர்ற ஓட்டையை களிமண்ணாலயும் பொலித்தீனாலயும் இறுக்கி அடைக்கிறது. அடைச்சா தண்ணி நிக்கிற மாதிரித்தான் இருக்கும், ஆனா உள்ளுக்கு அழுத்தம் ஏறி பக்கத்துல வேற இடத்தால பிய்ச்சுக்கொண்டு வரும். அடைக்காம, தண்ணி வர்ற இடத்துக்கு மேல மணலும் அதுக்கும் மேல சல்லியும் போடோணும், தேத்தண்ணி வடி மாதிரி, தண்ணி போகட்டும் மண் நிக்கட்டும். அடைக்கிறதா இருந்தா தண்ணிப் பக்கத்தால அடைக்கோணும், அது தெரிஞ்சவங்க செய்யுற வேலை.

கசிவெண்டாலே உடைவு எண்டும் நினைக்க வேண்டாம். பலாங்கொடைப் பக்கம் இருக்கிற சமனலவெவ அணை 1992 ல தண்ணி நிரப்பத் தொடங்கினதில இருந்து வலது கரையால ஒழுகுது, களிமண் கொண்டுபோய்க் கொட்டியும் பாத்தாங்க, முழுசா நிக்கேல்ல. இப்ப கீழ கல்தொட்டைப் பக்க விவசாயிகள் அந்த ஒழுகுற தண்ணியிலதான் வயல் செய்யுறாங்க, கரண்டுக்குப் போக வேண்டிய தண்ணி நெல்லுக்குப் போகுது. ஆனா அங்க தினமும் அளக்க ஆள் இருக்கு. உங்கட அப்பாவின்ட குளத்துல அளக்கிறது யார்? இப்போதைக்கு அப்பாதான்.

கேள்வி: சின்னக் குளம்தானே, உடைஞ்சா முழங்கால் அளவு தண்ணி வரும், ரெண்டு நாள்ல வத்தும். இதுக்குப் போய் அணைப் பாதுகாப்பு அது இது எண்டு ஏன் இவ்வளவு கதை?
— கொட்டாஞ்சேனை வாசகர்

அண்ணே, குளம் சின்னனா பெரிசா எண்டது அதுக்குக் கீழ யார் நித்திரை கொள்றாங்க எண்டதுலதான் இருக்கு. பெரிய அணைகளுக்கான சர்வதேச ஆணைக்குழு (ICOLD) ஒரு கணக்கு வச்சிருக்கு, 15 மீட்டருக்கு மேல உயரம் எண்டா பெரிய அணை, 5 இல இருந்து 15 க்குள்ள எண்டா 30 லட்சம் கனமீட்டருக்கு மேல தண்ணி பிடிச்சாத்தான் பெரிசு. எங்கட ஊர்க் குளங்கள் முக்கால்வாசி இந்தக் கணக்குக்குள்ள வராது. இலங்கையில 80 ஹெக்டேயருக்கு, அதாவது 200 ஏக்கருக்குக் குறைய வயல் பாயுற குளம் எண்டா சிறு குளம், அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின்ட கையில, அதுக்கு மேல எண்டா நீர்ப்பாசனம், மகாவலி எண்டு போகும். 2008 ல உலக வங்கிக் காசுல அணைப் பாதுகாப்புத் திட்டம் ஒண்டு வந்தது, அது நல்ல வேலை, ஆனா அது பெரிய அணைகளுக்கு. சின்னக் குளத்துக்கு எஞ்சினியர் வர்றது உடைஞ்ச பிறகுதான், இது என்ட குறை, யாரும் கோவிச்சாலும் பரவாயில்ல.

பெரிய குளம் ஒண்டு உடைஞ்சா என்ன நடக்கும் எண்டு எங்கட சனத்துக்கு நல்லாத் தெரியும். கந்தளாய்க் குளம், ஏழாம் நூற்றாண்டுல ரெண்டாம் அக்கபோதி கட்டினதா சொல்றது, 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் மூண்டு மணிபோல உடைஞ்சது. மாரிகாலம் இல்ல, புயல் இல்ல, சனம் நித்திரை. 120 க்கு மேல ஆக்கள் செத்தாங்க, 1,600 வீடு வரைக்கும் அழிஞ்சது, 2,000 ஏக்கர் வயல் போச்சு. பாரமான வாகனங்கள் கட்டுக்கு மேலால ஓடினதையும் ஒரு காரணமா சொன்னாங்க. இதை ஏன் சொல்றன் எண்டா இண்டைக்கும் எங்கட சின்னக் குளக்கட்டு மேலால டிப்பர் ஓடுது, மணல் ஏத்திக்கொண்டு, அதுவும் இரவுல, குறுக்கு வழி எண்டு.

இனி சின்னக் குளத்துக்கு வருவம். வன்னியிலயும் வடமத்தியிலயும் குளம் தனிய இருக்கிறதில்ல, ஒண்டுக்குக் கீழ ஒண்டா தொடரா இருக்கும், மேல் குளத்துல வான் (குளம் நிரம்பினா தண்ணி வழிஞ்சு போற இடம்) பாயுற தண்ணியும் வயலால வடியுற தண்ணியும் கீழ் குளத்துக்குப் போகும். அருமையான வேலை, ஒரே தண்ணியை நாலு ஊர் பாவிக்கும், 2017 ல ஐக்கிய நாடுகளின்ட உணவு விவசாய நிறுவனமும் இதை உலக விவசாய மரபா ஏத்துக்கொண்டது. ஆனா மழைநாள்ல மேல ஒரு குளம் உடைஞ்சா அந்தத் தண்ணி முழுக்க ஒரே அடியா ஏற்கனவே நிரம்பி நிக்கிற கீழ் குளத்துல விழும், அதின்ட வான் அவ்வளவு தண்ணியை விட ஏலாது, கட்டுக்கு மேலால பாயும், மண்கட்டுக்கு மேலால தண்ணி பாய்ஞ்சா அந்தக் கட்டு தங்காது. அப்பிடியே அடுத்தது, அதுக்கு அடுத்தது. 1957 டிசம்பர் வெள்ளத்துல வறண்ட வலயத்துல கனக்கக் குளம் உடைஞ்ச கதை பழைய ஆக்கள் சொல்லுவாங்க. முழங்கால் அளவு தண்ணி எண்டு நீங்க சொன்னது முதலாவது குளத்துக்கு மட்டும்தான் சரி.

கேள்வி: எங்கட ஊர்க் குளக்கட்டுல நிண்ட மரங்களை வெட்டிப்போட்டாங்க. ஒரு பக்கம் மரம் நடு எண்டு சொல்றாங்க, இன்னொரு பக்கம் வெட்டுறாங்க. இது நியாயமா? கட்டுல இருந்த புத்தையும் இடிக்கப் போறாங்களாம், அது நாகதம்பிரான் இருக்கிற இடம் எண்டு ஊர்ச்சனம் விடமாட்டாங்க.
— தெஹிவளை, கம்பஸ் மாணவன்

தம்பி, மரம் வெட்டினதுக்கு நான் அவங்கட பக்கம். கட்டுக்குள்ள வேர் போகும், மரம் நிக்கும் வரைக்கும் பிரச்சினை குறைவு, மரம் பட்டுப்போனா வேர் உக்கி அந்த இடம் குழாய் மாதிரி வெறுமையாகும், தண்ணிக்கு அதை விட நல்ல பாதை கிடைக்காது. புயல்ல மரம் சரிஞ்சா வேரோட ஒரு பெரிய மண்கட்டியையும் தூக்கிக்கொண்டு போகும், அதுவும் குளம் நிரம்பி நிக்கிற அண்டைக்குத்தான் சரியும். கட்டுக்குப் புல்லுத்தான் சரி. மரம் நட ஆசையா இருந்தா குளத்தின்ட மேல்பக்கத்துல, தண்ணி வந்து சேர்ற பக்கத்துல நடுங்க, மருது நல்லா வரும், காத்தைத் தடுத்து தண்ணி ஆவியாகிறதைக் குறைக்கும், வர்ற வண்டலையும் கொஞ்சம் பிடிக்கும். பழைய குளங்கள்ல இதுக்கெண்டே ஒரு மரவரிசை இருக்கும்.

புத்து விசயம் கொஞ்சம் கவனமாக் கையாளோணும். கறையான் புத்துக்குக் கீழ கட்டுக்குள்ள அறை அறையா வெறுமை இருக்கும், உடும்பு, எலி, முள்ளம்பண்டி தோண்டின பொந்தும் அப்பிடித்தான். 2019 ஜூலையில மகாராஷ்டிராவில ரத்னகிரிப் பக்கம் திவரே எண்டு ஒரு சின்ன அணை இரவுல உடைஞ்சு கன சனம் செத்துப்போனாங்க, அப்ப ஒரு அமைச்சர் நண்டுதான் காரணம் எண்டு சொல்லி நாடே சிரிச்சது. பொந்து அணைக்குக் கூடாதுதான், ஆனா பொந்தை அடைக்கச் சொல்லி ஊர்ச்சனம் முறைப்பாடு குடுத்தா அதைக் கேக்கிறது நண்டின்ட வேலை இல்லையே.

உங்கட ஊர்ல செய்யக்கூடியது, ஐயாமாரைக் கூப்பிட்டு பூசை செய்து பக்கத்துல மேட்டு நிலத்துல ஒரு இடம் குடுத்திட்டு பிறகு புத்தை வெட்டித் திறந்து, களிமண் போட்டு அடுக்கடுக்கா இடிச்சு நிரப்புறது. சும்மா மேல இருக்கிற குவியலை மட்டும் தட்டிப்போட்டா உள்ள இருக்கிற ஓட்டை அப்பிடியே கிடக்கும், சாமியும் போய் பாதுகாப்பும் போனதுதான் மிச்சம். கட்டுல பிள்ளையாரும் ஐயனாரும் இருக்கிறது நல்லது எண்டுதான் நான் சொல்லுவன், சிங்கள ஊர்க் குளங்கள்லயும் ஐயனாரைக் கும்பிடுவாங்க. விளக்கு வைக்கிற சாட்டுல பின்னேரம் ஒரு மனுசன் கட்டு முழுக்க நடந்து போறார் இல்லையா, எந்தத் திட்டத்துலயும் கிடைக்காத காவல் அது.

கேள்வி: நான் மஸ்கெலியா, புறக்கோட்டையில வேலை செய்யுறேன்ங்க. மழை நேரத்துல காசல்ரீ, மவுஸ்ஸாகலை, லக்ஷபான கதவு திறந்துட்டாங்கனு நியூஸ் போட்டா இங்க களனிப் பக்கம் இருக்குற கூட்டாளிங்க எல்லாரும் சாமானைத் தூக்க ஆரம்பிக்கிறாங்க. உண்மையிலேயே எங்க ஊரு தண்ணியாலதான் கொழும்பு முங்குதா?
— புறக்கோட்டை வாசகர்

உங்க ஊர் மேல பழி போட வேண்டாம் தம்பி. காசல்ரீ, மவுஸ்ஸாகலை, விமலசுரேந்திர, கென்யன், லக்ஷபான எல்லாம் களனி கங்கையின்ட மேல்முனையில இருக்கிற மின்சார நீர்த்தேக்கங்கள். அதுக்குக் கீழதான் ஆத்துக்கு வர்ற மழையின்ட பெரிய பங்கு விழுது, கித்துல்கலை, தெரணியகலை, யட்டியாந்தோட்டைப் பக்கம், தென்மேற்குப் பருவக்காத்து முகத்துல அடிக்கிற இடங்கள், அங்க வெள்ளத்தைப் பிடிச்சு வைக்கிற அளவுக்குப் பெரிய நீர்த்தேக்கம் ஒண்டும் இல்ல. அதனால கொழும்புல இருக்கிறவங்க கதவு திறந்த செய்தியை விட கிளென்கோர்ஸ், ஹங்வெல்லை, நாகலகம் வீதி அளவுகோல் மட்டங்களைப் பாக்கிறது பிரயோசனம், நீர்ப்பாசனத் திணைக்களம் மழைநாள்ல அதை வெளியிடும். மேல இருந்து கீழ தண்ணி வந்துசேர நேரம் எடுக்கும், அந்த நேரம்தான் சாமான் தூக்குற நேரம்.

கதவு திறந்தா உடனடி ஆபத்து அணைக்கு நேர கீழ இருக்கிறவங்களுக்கு, ஆத்துல குளிக்கிற, உடுப்புத் தோய்க்கிற, மணல் எடுக்கிற ஆக்களுக்கு. சைரன் சத்தம் கேட்டா தோய்ச்ச உடுப்பை விட்டிட்டு ஏறோணும். நடுச்சாமத்துல திறக்கிறதெண்டா இன்னும் பொறுப்பு கூட. 2018 டிசம்பர்ல இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவுல வெள்ளம் வந்து, நேரத்துக்கே கொஞ்சம் கொஞ்சமா திறந்திருக்கலாமே எண்டு பெரிய வாக்குவாதம் நடந்தது, விசாரணையும் வச்சாங்க. இதுல ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. முன்கூட்டியே திறந்துவிட்டு மழை பெய்யேல்ல எண்டா சிறுபோகத்துக்குத் தண்ணி இல்ல எண்டு அதே சனம் வந்து நிக்கும், கதவின்ட பொத்தானுக்குப் பக்கத்துல இருக்கிற உத்தியோகத்தரின்ட நிலைமையை யோசிச்சுப் பாருங்க. பதில், மழை வர்றதை ஓரளவு முதலே கணிக்கிறதும், எந்த மட்டத்துல எவ்வளவு திறக்கோணும் எண்டு எழுதி வச்சு அதை எல்லாருக்கும் முதலே தெரியப்படுத்துறதும்தான்.

உங்கட ஊர்ல வரட்சிக்கு மவுஸ்ஸாகலை இறங்கினா முங்கின பழைய மஸ்கெலியா டவுன் தெரியுமே, கோயில், பள்ளி, விகாரை எல்லாம். பாக்கப் போறது சரி, சேத்துக்குள்ள இறங்கி செல்ஃபி எடுக்கிறது சரியில்ல, மேல காய்ஞ்சு வெடிச்சிருக்கும், கீழ இடுப்பளவு களி.

கேள்வி: பம்பலப்பிட்டியில குழாயைத் திறந்தா வர்ற தண்ணி எங்க இருந்து வருது? லபுகமவுக்கு பிக்னிக் போகலாமா?
— பம்பலப்பிட்டி, ஒரு அம்மா

கொழும்புக்குப் பெரும்பகுதி களனி கங்கையில இருந்து, அம்பத்தளையில எடுத்துச் சுத்திகரிச்சு வருது. ஆனா முதல்ல வந்தது லபுகமவில இருந்துதான் அம்மா, 1886 ல, காட்டுக்குள்ள அணை கட்டி மாளிகாகந்தைக்குக் குழாய் போட்டு. உயரத்துல இருக்கிறதால பம்ப் இல்லாம தன்பாட்டுல இறங்கி வந்தது. பிறகு 1950கள்ல பக்கத்துல கலட்டுவாவயும் வந்தது. ரெண்டும் இண்டைக்கும் வேலை செய்யுது, ரெண்டையும் சுத்தி மழைக்காடு, அந்தக் காட்டுக்குள்ள தோட்டம் துரவு வைக்க விடாததாலதான் தண்ணி அவ்வளவு சுத்தம். களனி வரட்சியில இறங்கி கடல் தண்ணி ஆத்துக்குள்ள ஏறப் பாக்கிற நாட்கள்ல, இந்த ரெண்டு சின்ன நீர்த்தேக்கத்தின்ட அருமை தெரியும். பிக்னிக் எண்டு நினைச்ச மாதிரி உள்ள போக ஏலாது, குடிதண்ணி, நீர்வழங்கல் சபையிட்ட அனுமதி கேக்கோணும். சோத்துப் பார்சலோட போக வேண்டாம்.

கேள்வி: ஒஃபிஸ் ட்ரிப், அநுராதபுரம் பக்கம் ஒரு குளம், வான் பாயுற இடத்துல குளிக்கலாமா? யூடியூப்ல எல்லாரும் குளிக்கிறாங்களே.
— ராஜகிரிய

வேண்டாம். வான்ல இருந்து தண்ணி விழுற இடத்துக்குக் கீழ தண்ணி உருண்டு திரும்பி வரும், நீந்தத் தெரிஞ்சவனையும் வெளிய விடாது, திரும்பத் திரும்ப உள்ளுக்கு இழுக்கும். வான்கல்லுல பாசி, வழுக்கும். துருசுக்குக் கிட்ட, அதாவது வயலுக்குத் தண்ணி திறக்கிற மடைக்குக் கிட்ட, குளிக்கிறது அதை விட மோசம், திறந்திருந்தா மேல தெரியாம அடியில உறிஞ்சும். ஊர்ச்சனம் குளிக்கிற துறை ஒண்டு இருக்கும், அங்க போய், அவங்களிட்ட கேட்டு, அவங்க காட்டுற அளவுக்கு மட்டும் இறங்குங்க. குடிச்சிட்டு இறங்கவே வேண்டாம், இதை எழுத வேண்டியிருக்கிறதே கவலை.

கேள்வி: நாங்க ஊர்ச் சங்கம், வெளிநாட்டுல இருக்கிற பெடியள் நல்லாக் காசு அனுப்பியிருக்கிறாங்க. எங்கட குளம் தூர்ந்து போச்சு. பெக்கோ (மண் வெட்டுற மெஷின்) போட்டு நல்லா ஆழமாக்கினா தண்ணி கூட நிக்கும் எண்டு ஒரு யோசினை. வான்ல மண்மூட்டை அடுக்கி ஒரு அடி கூட்டலாம் எண்டும் சிலர் சொல்றாங்க. ஆலோசனை சொல்லுங்கோ.
— வத்தளை, ஒரு சங்கச் செயலாளர்

செயலாளர் ஐயா, மண்மூட்டையை முதல்ல பேசுவம், ஏனெண்டா அதுதான் ஆளைக் கொல்லும். வானுக்கும் கட்டின்ட உச்சிக்கும் இடையில இருக்கிற அந்த ஒண்டு ரெண்டு அடி சும்மா விட்ட இடம் இல்ல, பெருமழையில வர்ற மேலதிகத் தண்ணிக்கும் காத்துக்கு எழும்புற அலைக்கும் கட்டினவன் விட்ட இடம். அதுல ஒரு அடி மண்மூட்டை வச்சா வயலுக்கு கொஞ்சம் தண்ணி கூடக் கிடைக்கும், மழை பிந்தின வருசத்துல ஒண்டும் நடக்காது, சனம் பழகிடும், ஒரு வருசம் இரவு பெய்யுற மழையில கட்டுக்கு மேலால போகும். வான்ல மீன் தப்பிப் போகுது எண்டு வலை கட்டுறதும் இதே கதைதான், வலையில சருகும் ஆகாயத்தாமரையும் வந்து சிக்கினா அது சுவர் மாதிரி நிக்கும். மீன்பிடிச் சங்கத்தோட கதைச்சு, மாரிக்கு முதல் அதை அவிழ்க்கச் சொல்லுங்க. அவங்களுக்கும் குளம் வேணும்தானே, 1952 ல திலாப்பியா கொண்டுவந்து விட்டதில இருந்து கடல் இல்லாத ஊர்ச்சனத்துக்கு மீன்கறி குளத்துலதான்.

இனி பெக்கோ. துருசின்ட வாய் எந்த மட்டத்துல இருக்கு எண்டு முதல்ல பாருங்க. அதுக்குக் கீழ எவ்வளவு ஆழமா வெட்டினாலும் அந்தத் தண்ணி தன்பாட்டுல வாய்க்காலுக்குப் போகாது, பம்ப் வச்சாத்தான் போகும். அப்ப வயலுக்கு எண்டு சேர்த்த காசுல நீங்க மாட்டுக்கும் மீனுக்கும்தான் தண்ணி கட்டியிருப்பீங்க. அது பிழை எண்டு சொல்ல வரேல்ல, வரட்சியில மாடு குடிக்கத் தண்ணி இருக்கிறதும், குளத்துல தண்ணி நிண்டா ஊர்க் கிணறு வத்தாம இருக்கிறதும் பெரிய விசயம், ஆனா காசு குடுத்த பெடியளுக்கு ஒரு போகம் கூடச் செய்யலாம் எண்டு சொல்லியிருந்தா அது நடக்காது. குளத்தின்ட அடியில வருசக்கணக்கா படிஞ்ச களிதான் தண்ணி கீழ இறங்காம பிடிக்குது, அதை முழுக்கக் கிளறிப்போட்டு மணல் தெரிய வெட்டினா மாரியில நிரம்பின தண்ணி தையில இருக்காது, அப்பிடி கனக்கக் குளம் பழுதாப் போயிருக்கு. கட்டுக்குக் கிட்ட வெட்டவே கூடாது, அங்க வெட்டினா தண்ணி கட்டுக்கு அடியால வெளிய போற தூரம் குறையும், முதல் கேள்வியில அந்தத் தங்கச்சி சொன்ன கசிவு உங்கட ஊர்லயும் தொடங்கும்.

நான் எண்டா காசை இப்பிடிப் பிரிப்பன். முதல்ல வான், சீமெந்து வெடிச்சிருந்தா திருத்தி, அதுக்குக் கீழ தண்ணி போற பாதையை பத்தை வெட்டித் துப்பரவாக்கி விடுறது, கன குளங்கள்ல அந்தப் பாதையை யாரோ வேலியடைச்சு வாழை நட்டிருப்பாங்க, அந்த யாரோ சங்கத்துலயே இருப்பார், அதுதான் கஷ்டம். பிறகு துருசு, பலகையும் ரப்பரும் மாத்தி ஒழுகாமப் பண்றது, ஒழுகுற துருசாலயே ஒரு போகத்துத் தண்ணியில நல்ல பங்கு போகும். மூண்டாவது கட்டு, மாடு ஏறி இறங்கிப் பள்ளமான இடங்களை நிரப்பி, தண்ணிப் பக்கம் கல்லு அடுக்கி, மாட்டுக்கு ஒரு தனி இறக்கம் குடுத்து. இதெல்லாம் முடிஞ்சு காசு மிச்சம் இருந்தா, மேல்பக்கத்துல வண்டல் கூடிப் படிஞ்ச இடத்துல மட்டும், களி போகாம, மெல்லிசா வழிச்சு எடுக்கலாம், அந்த வண்டல் வயலுக்கு நல்ல பசளை. எதையும் தொடமுதல் கமநல சேவை நிலையத்துல எழுத்துல அனுமதி எடுங்க, 2000 ஆம் ஆண்டு 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கு, கமக்கார அமைப்பையும் இருத்தி வச்சுக் கதையுங்க.

டிப்பர்காரர் வந்து "காசு வேண்டாம் அண்ணே, நாங்களே சும்மா தூர் வாரித் தாறம்" எண்டு சொன்னா கும்பிட்டு அனுப்புங்க. அவங்க தேடுறது வண்டல் இல்ல, கீழ இருக்கிற மணலும் கிரவலும்தான்.

கேள்வி: துருசுத் திறப்பு (சாவி) யாரிட்ட இருக்கோணும்? எங்கட ஊர்ல ஒருத்தர் வீட்டுல வச்சுக்கொண்டு அவருக்குப் பிடிச்ச நேரம் திறக்கிறார்.
— மட்டக்குளி

சிறு குளத்துல கமக்கார அமைப்பு நியமிச்ச ஆளிட்ட, முந்தி வட்டவிதானை எண்டு சொல்லுவம். போகத்துக்கு முதல் நடக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்துல எத்தனை ஏக்கர், எந்தத் திகதியில முதல் தண்ணி, எந்த நாள் மூடுறது எண்டு எல்லாம் தீர்மானிச்சு எழுதுவாங்க, அதுக்கு வெளிய அவர் தன்பாட்டுக்குத் திறக்க ஏலாது, திறந்தா கமநல உத்தியோகத்தரிட்ட முறைப்பாடு குடுக்கலாம். ஆனா மழை இரவுல அந்தத் திறப்பை எடுக்க ரெண்டாவது ஆள் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்கோணும், அவர் கலியாண வீட்டுக்குக் கொழும்புக்கு வந்திருக்கிற அண்டைக்குத்தான் குளம் நிரம்பும். குளம் ததும்ப நிக்கேக்க துருசை படபடவெண்டு முழுக்கத் திறந்து கெதியா இறக்கவும் வேண்டாம், நனைஞ்சு ஊறின கட்டின்ட உட்பக்கம் சறுக்கி விழும், ஆபத்து இல்லாத நேரத்துல மெதுவா, நாள் கணக்குல இறக்கோணும். கூட்டம் எப்ப எண்டு கேட்டு அடுத்த போகத்துக்கு நீங்களும் ஒருக்கா ஊருக்குப் போய் இருந்து பாருங்க, கொழும்பு வீட்டுல இருந்து ஃபோன்ல சண்டை பிடிக்கிறதை விட கெதியா முடியும்.